அடுத்த பிக்கப்பும் அதே கம்பெனியா? உப்புக்காற்றில் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்

பாம்பன் ஐஸ்பெட்டி

அண்ணன்மார்களுக்கு வணக்கம். பாம்பனிலிருந்து மீன் ஏற்றுகிறேன். பெரும்பாலும் மதுரை, இறால் கிடைத்தால் தூத்துக்குடி. இப்போது ஓடுகிற பிக்கப்புக்கு ஒன்பது வயசு ஆகிறது. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை, இழுவை அப்படியே இருக்கிறது, புகையும் கிடையாது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவும்போது பின்சக்கரத்துக்கு மேலே, கமான் பட்டை வந்து மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் துருப் பொருக்கு எழும்பியிருந்ததைப் பார்த்து ஸ்க்ரூடிரைவரால் சும்மா நெம்பினேன். பொருக்கு ஒரு கை அகலத்துக்குப் பெயர்ந்து வந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஸ்க்ரூடிரைவர் பன்ரொட்டியில் இறங்குகிற மாதிரி உள்ளே போய்விட்டது. அன்றைக்கு முழுக்க சாப்பாடு இறங்கவில்லை.

எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி (தகுதிச் சான்று) காட்ட வேண்டும், அடுத்தது மாசியில் வருகிறது. ஒட்டுப் போட்டு ஓட்டலாம் என்கிறார் ஒருத்தர். தள்ளிவிட்டுப் புதுசு எடு என்கிறான் மச்சான். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து ஒரே கம்பெனிதான், இது மூன்றாவது வண்டி. அம்மாவுக்கு அந்த கம்பெனி பெயர் குலதெய்வம் மாதிரி. மாற்றினால் வீட்டுக்கு ஆகாது என்கிற அளவுக்குப் போய்விட்டது பேச்சு.

என்ன கம்பெனி என்று இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் பாதிப்பேர் "அப்பவே தெரியும்" என்பீர்கள், மீதிப்பேர் எனக்கு வண்டி வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்பீர்கள். அதே கம்பெனியா, வேறயா? அதை மட்டும் சொல்லுங்கள்.

தொண்டி 407

தம்பி, நீங்கள் சொல்லாவிட்டாலும் தெரிகிறது, டாடா இல்லை. டாடா இரும்பு அப்படிப் போகாது.

எங்கள் அப்பா வைத்திருந்தது 407. அந்த மாடல் 1986இல் வந்தது, அப்பா எடுத்தது அதற்கு ரொம்பப் பிறகு, அதுவும் செகண்ட் ஹேண்ட். நான் அதில்தான் ஓட்டப் பழகினேன், பெயரும் அதனால்தான். பிறகு 2005இல் குட்டியானை, அதாவது டாடா ஏஸ், வந்தபோது ஊரே சிரித்தது, இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன், இது லாரியா ஆட்டோவா என்று கேட்டார்கள். இரண்டு வருஷத்தில் தொண்டி தெருவெல்லாம் அதுதான். மாட்டு வண்டி போன சந்திலெல்லாம் அது போனது. சந்துக்குள் போய்க் கருவாட்டுச் சிப்பத்தை வாசலிலேயே ஏற்றலாம் என்பது அதற்கு முன்னால் எந்த வண்டிக்கு முடிந்தது, சொல்லுங்கள். இப்போது இன்ட்ரா வைத்திருக்கிறேன். நான்காவது வண்டியும் டாடாதான் எடுப்பேன், இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

உச்சிப்புளி தேங்காய்

407 அண்ணன் வந்தாச்சு, இனி மற்றவர்கள் பேச இடம் கிடைக்காது.

பாம்பன் தம்பி, அசோக் லேலண்ட் தோஸ்த் எடுங்கள். 2011இல் வந்ததிலிருந்து இரண்டு எடுத்துவிட்டேன். 1.25 டன் பாரம், மூன்று சிலிண்டர் இன்ஜின், தேங்காய் மூட்டையை வரிசையாக அடுக்கினால் பாடி உயரத்துக்கு அளவாக உட்காரும். ஓசூரில் செய்கிற வண்டி, சென்னையில் 1948இல் தொடங்கிய கம்பெனி. நம் ஊர்க்காரன் செய்ததை நாமே எடுக்கவில்லை என்றால் யார் எடுப்பார்?

தொண்டி 407

நிசானோடு கூட்டுச் சேர்ந்து போட்ட வண்டிதானே அது? அதில் நம் ஊர் எங்கே வந்தது?

உச்சிப்புளி தேங்காய்

2016இல் நிசான் பங்கை முழுக்க வாங்கிவிட்டார்கள் அண்ணே. 2020இல் படா தோஸ்த் வந்தது தனியாகப் போட்டது. இதைப் போன தீபாவளிக்கும் உங்களிடம் சொன்னேன்.

தீவுக்காரன்

ராமேஸ்வரத்தில் இருந்துகொண்டு மகிந்திராவைப் பற்றி ஒருவரும் பேசாமல் போனால் எப்படி? தனுஷ்கோடிக்குத் தார் ரோடு திறந்தது 2017இல். அதற்கு முன்னால் முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்துவிடும். அதற்கு அப்புறம் மணலும் கடல் தண்ணீரும்தான். டயரில் காற்றை இறக்கிவிட்டு, முன்னே போன வண்டியின் தடத்தைப் பிடித்து ஓட்ட வேண்டும், தடம் மாறினால் ஆக்சில் வரை இறங்கிவிடும். அந்த மணலில் நான் ஓட்டியது மகிந்திரா ஜீப். 1947இல் வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்த கம்பெனி, அவர்களுக்குத் தெரியாத மணலா? ரோடு வந்ததும் ஜீப்பை விற்றுவிட்டு போலேரோ பிக்கப் எடுத்தேன். மனசு வேறு எதற்கும் போகவில்லை.

தம்பியின் வண்டி மகிந்திராவாக இருக்க வாய்ப்பில்லை. அந்த சேஸிஸ் கனம் தனி.

பாம்பன் ஐஸ்பெட்டி

இரண்டு பேர் என் வண்டி உங்கள் கம்பெனி இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டீர்கள். ஒருத்தர் சொன்னது தப்பு. யார் என்று கேட்காதீர்கள்.

கீழக்கரை காக்கா

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது தம்பி.

நான் சவூதியில் பத்தொன்பது வருஷம் ஓட்டினேன். அங்கே பிக்கப் என்றால் டொயோட்டா ஹைலக்ஸ். ஒட்டகம் ஏற்றுகிறவனும் அதுதான், தண்ணீர் டேங்க் வைக்கிறவனும் அதுதான். மணலில் புதைந்து, வெயிலில் வெந்து, சாவி போட்டால் கிளம்பும். ஊருக்கு வந்தால் ஒரு ஹைலக்ஸ் எடுக்க வேண்டும் என்று என் நீண்ட நாள் ஆசை. இங்கே 2022இல்தான் கொண்டுவந்தார்கள். விலையைப் பார்த்தேன், 30 லட்சத்துக்கு மேல். அதில் மீன் ஏற்றினால் ஒவ்வொரு மீனும் தங்கத்தில் செய்திருக்க வேண்டும். இசுசு வீ-கிராஸையும் போய்ப் பார்த்தேன், ஸ்ரீசிட்டியில் செய்கிறார்கள், நல்ல வண்டி, ஆனால் ஐந்து பேர் உட்காருகிற கேபினுக்குப் பின்னால் மிஞ்சுகிற தொட்டியில் என் வியாபாரத்துக்குப் பாதிப் பெட்டிகூட அடங்காது.

கடைசியில் சாதாரண பிக்கப் ஒன்று செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். ஹைலக்ஸ் மேல் உள்ள பாசம் போகவில்லை, கிழக்குத் தெருவில் ஒருத்தர் வைத்திருக்கிறார், அது போகும்போது நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். பாசம் வேறு, பாரம் வேறு தம்பி.

மண்டபம் நண்டு

நான் ஓட்டுகிறவள் இல்லை, ஓட்ட வைக்கிறவள். நண்டு வாங்கி கம்பெனிக்குப் போடுகிறேன். அண்ணன்மார் எல்லோரும் இன்ஜினைப் பற்றியே பேசுகிறீர்கள், ஒருவரும் டிரைவரைப் பற்றிப் பேசவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் இருந்தபோது எடுத்த வண்டி ஒன்று, அவர் போன பிறகு நான் எடுத்த வண்டி ஒன்று. இரண்டும் வேறு வேறு கம்பெனி. ஏன் மாற்றினேன் என்றால் எங்கள் டிரைவர் தம்பிக்கு இது கைக்கு வந்த வண்டி. விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து வருகிறவன் அவன். வண்டி நின்றுபோனால் ராத்திரியில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அடியில் படுக்கிறவனும் அவன்தான். ஷோரூமில் என்னைப் பார்த்து "சார் வரவில்லையா" என்றார்கள். டிரைவரைக் காட்டி, இவர்தான் சார், இவரிடம் பேசுங்கள் என்றேன்.

பாம்பன் தம்பி, உங்கள் வண்டியை நீங்களேதான் ஓட்டுகிறீர்களா? அப்படியென்றால் உங்கள் அம்மா சொல்வதும் மச்சான் சொல்வதும் இரண்டாம்பட்சம்.

தீவுக்காரன்

நண்டு அக்கா சொன்னது சரி.

ராம்நாடு பட்டறை

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். இருபத்தாறு வருஷமாக இந்தக் கரையோர வண்டிகளுக்கு அடியில்தான் படுத்துக்கிடக்கிறேன், எல்லா கம்பெனியும் என் முகத்தில் துருவைக் கொட்டியிருக்கிறது. அதனால் கம்பெனிச் சண்டையில் நான் இல்லை.

காரைக்குடி செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) ஆராய்ச்சிக்காரர்கள் உலோகம் எப்படி அரிக்கிறது என்று சோதனை பண்ண மண்டபத்தில் வந்து நிலையம் போட்டது சும்மாவா? பாம்பன் பழைய ரயில் பாலம் 1914இல் திறந்தது, வருஷம் முழுக்க ஆள் போட்டுப் பெயிண்ட் அடித்தும் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பி, பாலிசிலாக்சேன் பெயிண்ட் என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். உங்கள் பிக்கப்புக்கு அதெல்லாம் எந்த கம்பெனியும் தரவில்லை. நாடு முழுக்க விற்கிற வண்டி அது, பாம்பனுக்கென்று தனியாகச் செய்யமாட்டான்.

மீன் வண்டிக்கு இரண்டு பக்கமும் அடி. வெளியே உப்புக்காற்று, உள்ளே ஐஸ் உருகிய மீன் தண்ணீர். அந்தத் தண்ணீர் பாடித் தகட்டின் இணைப்பில் இறங்கி, பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே வைத்திருக்கிற கட்டையில் ஊறி, அங்கேயே தங்கிவிடும். பகலில் காய்ந்த மாதிரி தெரியும். உப்பு இருக்கிற இடம் காயாது, ராத்திரி காற்றில் இருக்கிற ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். தம்பி சொன்ன இடம், பட்டை மாட்டுகிற பிராக்கெட்டுக்கு மேலே, அது எல்லா வண்டியிலும் முதலில் போகிற இடம். சக்கரம் வாரி அடிக்கிற சேறும் அங்கேதான் போய் அப்பிக்கொள்ளும்.

நான் சுத்தியலை வைத்துத் தட்டித்தான் பார்ப்பேன். நல்ல சேஸிஸ் "டங்" என்று ஒரு நீளச் சத்தம் கொடுக்கும். போனது "டப்" என்று அடங்கிவிடும். தட்டும்போது உள்ளே சரசரவென்று எதுவோ கொட்டுகிற சத்தம் கேட்டால் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு டீ சொல்ல வேண்டியதுதான்.

ஒட்டுப் போடலாமா என்றால், நல்ல இரும்பு வரை வெட்டி எடுத்துவிட்டுப் போட்டால் கொஞ்ச நாள் ஓடும். துருவின் மேலே தகட்டை வைத்து வெல்டிங் அடித்தால் அது எஃப்சிக்காரருக்குக் காட்டுகிற வேஷம், லோடுக்கு ஆகாது. பிரேக் பைப்பைப் பாருங்கள், சேஸிஸைவிட அதுதான் எனக்குப் பயம். இரும்புப் பைப், கிளிப் பிடித்திருக்கிற இடத்தில் அரித்து நூல் மாதிரி ஆகியிருக்கும், மிதிக்கும்போதுதான் தெரியும். பேட்டரி எர்த் வயரையும் பாருங்கள். விளக்கு மங்குகிறது, சென்சார் பல்பு காரணமில்லாமல் எரிகிறது என்று ஷோரூமுக்கு ஓடுகிறவர்களில் பாதிப்பேருக்கு எர்த் போல்ட்டைச் சுரண்டி முடுக்கினாலே போதும்.

உச்சிப்புளி தேங்காய்

அண்ணே, நான் வாரம் ஒருமுறை கழிவு ஆயிலும் டீசலும் கலந்து அடியில் அடிக்கிறேன். சரிதானே?

ராம்நாடு பட்டறை

சுத்தமான காய்ந்த இரும்பின் மேல் அடித்தால் கொஞ்சம் நிற்கும். உப்பும் சேறும் இருக்கும்போது அடித்தால் உப்பை உள்ளே வைத்து மூடிப் போடுகிற மாதிரி. ரப்பர் புஷ்ஷும் ஊதிப்போகும், கீழே நிலமும் கெடும். அதற்குப் பதில் கழுவிக் காயவைத்துவிட்டு எபாக்சி பிரைமர், அதன்மேல் அண்டர்கோட்டிங். புது வண்டி எடுத்த வாரமே செய்ய வேண்டும், துரு வந்த பிறகு செய்வது போன ஊருக்கு வழி கேட்பது.

பாம்பன் ஐஸ்பெட்டி

நான் தினமும் கழுவுகிறேன் அண்ணே. லோடு இறக்கி வந்ததும் பம்பு போட்டு அடியெல்லாம் பீய்ச்சி அடிப்பேன். ஒருநாள்கூட விட்டதில்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரமே.

ராம்நாடு பட்டறை

எந்தத் தண்ணீர்?

பாம்பன் ஐஸ்பெட்டி

வீட்டு போர் தண்ணீர்.

ராம்நாடு பட்டறை

அதை வாயில் ஊற்றிப் பார்த்திருக்கிறீர்களா?

பாம்பன் ஐஸ்பெட்டி

...

அண்ணே, ஒன்பது வருஷம்.

கீழக்கரை காக்கா

யா அல்லாஹ். தினமும் உப்புத் தண்ணீரில் குளிப்பாட்டியிருக்கிறார் தம்பி.

தொண்டி 407

சிரிக்கக் கூடாதுதான். ஆனால் இங்கே யாரிடம் நல்ல தண்ணீர் இருக்கிறது வண்டி கழுவ? குடிக்கிற தண்ணீரே குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம். நான் தினமும் கழுவுவதில்லை, என் சோம்பேறித்தனம் வண்டியைக் காப்பாற்றியிருக்கிறது போல.

ராம்நாடு பட்டறை

கழுவாமலும் விடக்கூடாது அண்ணே. மதுரைக்கு லோடு போனால் திரும்பும்போது அங்கேயே வாட்டர் சர்வீஸில் விட்டு அடியை மட்டும் கழுவிவிட்டு வரலாம். வாரம் ஒரு தடவை போதும். நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடி வருவதற்குள் காய்ந்தும் விடும். பாடித் தளத்துக்கு அலுமினியத் தகடு போடுகிறவர்கள் அடியில் ரப்பர் ஷீட் விரித்துப் போடுங்கள். இரும்போடு ஒட்டிக்கிடந்தால் முதலில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கிளம்பும், அதன் அடியில் தேங்குகிற தண்ணீர் இரும்பையும் விடாது. மீன் தண்ணீர் வெளியேற ஒரு மூலையில் ஓட்டை வைத்து, குழாய் மாட்டி, சேஸிஸைத் தொடாமல் கீழே தொட்டிக்கோ கேனுக்கோ விடுங்கள். ஐநூறு ரூபாய் வேலை.

சாயல்குடி கரிமூட்டம்

நான் கரி ஏற்றுகிறவன், மீன் வாடையே கிடையாது. சீமைக்கருவேலக் கரி, சமயத்தில் கருப்பட்டி. எனக்குத் துருவைவிட வேறு கதை.

இருபது வருஷம் ஒரே கம்பெனியில் இருந்தேன், பெயர் வேண்டாம். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு எடுத்த வண்டியில் புகை வடிகட்டி ஒன்று இருக்கிறது, டிபிஎஃப் என்பார்கள். ரோட்டில் நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் அதில் சேர்ந்த கரியை அதுவே எரித்துக்கொள்ளும். நான் மூட்டத்திலிருந்து கமிஷன் கடைக்கு, ஆறு கிலோமீட்டர் மண் ரோட்டில் இரண்டாவது கியரில் உருட்டுகிறேன். அடைத்துக்கொண்டு விளக்கு எரிந்தது, வேகம் ஏறவில்லை. கரி ஏற்றப் போனவன் கரி அடைத்து நின்றேன். போன் பண்ணினால் நாளை ஆள் வரும் என்றார்கள், நாளைக்குப் பண்ணினால் மதுரையில் மீட்டிங் என்றார்கள். மூன்று நாள் புளியமரத்தடியில் நின்றது வண்டி. இருபது வருஷம் வாடிக்கை என்று சொன்னேன், "வண்டி நம்பர் சொல்லுங்க" என்றார் அந்தப் பிள்ளை. அவ்வளவுதான் அந்த உறவு.

வண்டி மேல் குற்றம் சொல்லமாட்டேன், அநேகமாக எல்லா பிஎஸ் 6 டீசலுக்கும் இந்த வடிகட்டி உண்டு. எடுக்கும்போதே உங்கள் ஓட்டம் எப்படி என்று கேட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா. இப்போது வாரம் ஒருநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேண்டுமென்றே முக்கால் மணி நேரம் விரட்டிவிட்டு வருகிறேன். டீசல் தண்டம், காற்று வாங்கியது லாபம்.

மண்டபம் நண்டு

அப்படிப் போகும்போது எங்கள் பெட்டி நாலு ஏற்றிக்கொண்டு போகலாமே அண்ணன், தண்டமாகாது.

சாயல்குடி கரிமூட்டம்

நண்டு ஏற்றினால் பட்டறைக்காரர் திட்டுவார் தங்கச்சி.

தீவுக்காரன்

எடுப்பதென்றால் கணக்கும் பாருங்கள் தம்பி. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கியிருக்கிறது, பழைய கொட்டேஷனை வைத்துப் பேசாதீர்கள். அப்புறம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் இருக்காது, டியூ மட்டும் தேதி தவறாமல் வரும். நாட்டுப்படகு மீனை நம்பி ஒரு வண்டி ஓடாது. மாசியில் வண்டி எடுத்தால் இரண்டாவது டியூவிலேயே தடைக்காலம் வந்து நிற்கும். ஜூன் பாதிக்கு மேல் எடுங்கள்.

பாம்பன் ஐஸ்பெட்டி

எல்லோருக்கும் நன்றி. ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

பட்டறை அண்ணனிடமே வண்டியைக் கொண்டுபோனேன். தட்டினார். இடது பக்கம் "டங்", வலது பக்கம் "டப்", அப்புறம் அந்தச் சரசர. அவர் ஒன்றும் பேசாமல் டீ சொன்னார். வெட்டி ஒட்டி, பிரேக் பைப் முழுக்க மாற்றி, பாதி லோடு மட்டும் ஏற்று என்று சொல்லி அனுப்பினார். தடைக்காலம் வரை இப்படியே ஓட்டுவேன்.

அதற்குள் மூன்று ஷோரூம் போய்வந்தேன். கைலியும் டார்ச்சுமாகத்தான் போனேன். சேல்ஸ்மேன் தம்பி மைலேஜ், டியூ என்று ஆரம்பித்தார், நான் நேராக அடியில் படுத்துவிட்டேன். எந்தெந்த இடத்தில் சேஸிஸ் மூடியிருக்கிறது, எங்கே திறந்த வாய்க்கால் மாதிரி இருக்கிறது, தண்ணீர் வடிகிற ஓட்டை எங்கே, பிரேக் பைப் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தேன். ஒரு இடத்தில் மேனேஜர் வந்து குனிந்து "ஏதாவது விழுந்துடுச்சா சார்" என்றார். இன்னொரு இடத்தில் வயசான மெக்கானிக் ஒருத்தர் தானும் பக்கத்தில் வந்து படுத்து, இந்த மூலையில் சேறு கட்டும், ஒரு தட்டு அடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார். எனக்கு அங்கேயே மனசு விழுந்துவிட்டது. அந்த ஷோரூமில்தான் புக் பண்ணியிருக்கிறேன், ஜூன் 20க்கு மேல் டெலிவரி. வந்ததும் நேராகப் பட்டறைக்கு, அண்டர்கோட்டிங் முடிந்த பிறகுதான் கோயிலுக்கு. அம்மாவிடம் இந்த வரிசையை இன்னும் சொல்லவில்லை.

அடியில் படுத்தபடி எடுத்த போட்டோ கீழே. கம்பெனி பெயர் தெரியாது, பார்த்துதான் எடுத்தேன்.

தொண்டி 407

தம்பி, போட்டோவில் இடது ஓரத்தில் மட்கார்டு நுனி தெரிகிறது. டாடா இல்லை.

உச்சிப்புளி தேங்காய்

அது ஸ்டெப்னி அண்ணே.